பயிற்சிக்கு எங்கள் வீட்டுக் கைகள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நாலு நல்ல வார்த்தை எழுது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர் என்னைப் படுத்திய பாட்டை விட்டுவிட்டு எழுதினால், அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அடி அண்ணாமலையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், களை எடுத்துக்கொண்டே படித்து நர்ஸ் ஆனார். என்னையும் படிக்க வைத்தார். இன்று வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே நான் உட்கார்ந்திருப்பது அவரால்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு எரிச்சலில் மறந்துவிடுவேன்.

எண்பத்தொன்பதில் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, ஒரு பழைய மல்லாட்டைக் கிடங்குக்குச் சுண்ணாம்பு அடித்து மருத்துவமனை ஆக்கினார்கள். வைத்தியம் பார்க்கவே ஆள் போதாத இடத்தில், கிராமத்துப் பெண்களுக்கு நர்ஸ் பயிற்சியும் கொடுப்போம் என்றார்கள். அக்கா முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டார். பிரசவம், பாம்புக்கடி, ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி, பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் கொப்புளம் வந்த கால்களுக்குக் கட்டு, எல்லாம் அங்கே நடந்தது. கிடங்கு போய் மாடிக் கட்டடம் வந்தபோது, பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அக்காவுக்கு வந்தது. எங்களுக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

"நோயாளிங்க ஏற்கெனவே நொந்து போய் வராங்க. அவங்க கையில பழகக் கூடாது. நம்ம வீட்டுக் கையில பழகட்டும்." இதுதான் அவர் சட்டம். ஞாயிற்றுக்கிழமை நான் இட்லியைத் தொடுவதற்குள் நாலு மாணவிகள் வந்து நிற்பார்கள். எனக்கு ஊசி என்றாலே பயம். "இவன் நரம்பு நல்லா தெரியும், கத்தமாட்டான், குத்துங்க" என்பார். நான் கத்துவேன். குத்துவார்கள்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர், பௌர்ணமிக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியவர்கள்தான். கிரிவலம் கிளம்புமுன் எத்தனை பெண்கள் வரிசையாக உங்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆரணி மாமா ஒருமுறை, "ஏம்மா, நான் சாமி கும்பிட வந்தனா, பரீட்சைக்கு வந்தனா?" என்று கேட்டார். "அசையாதீங்க மாமா, அந்தப் பொண்ணுக்கு சத்தம் கேக்கல" என்றார் அக்கா.

வயிற்றில் புற்று வந்து, அதே மருத்துவமனையில்தான் படுத்தார். நரம்பெல்லாம் ஒடுங்கிப் போயிருந்தது. டிரிப்ஸ் போட மூத்த நர்ஸ் வந்தபோது, "நீ பக்கத்துல நில்லு, கோமதி போடட்டும்" என்றார். கோமதி கீழ்பென்னாத்தூர்ப் பெண், பயிற்சிக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு தடவை தவறியது. இரண்டாவது தடவையும் தவறியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "பரவால்ல, கொஞ்சம் மேல பாரு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க அக்காவ சாவடிக்கப் பாக்குறியா? போ வெளியே" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. தட்டை வைத்துவிட்டு வெளியே போன பெண், அப்படியே ஊருக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ண போய் கூட்டிட்டு வாடா."

"நீ முதல்ல எழுந்து உக்காரு. அப்புறம் பாக்கலாம்."

"நான் எழுந்துக்கமாட்டேன். நீ போயிட்டு வா."

நான் போகவில்லை. சாகக் கிடக்கும்போதும் பாடம் நடத்துகிறாரே என்று எரிச்சல். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு கீழ்பென்னாத்தூர் போனேன். கோமதியின் அப்பா வாசலிலேயே நிறுத்தினார். "அவ வரமாட்டா சார். டீச்சர் தன்னாலதான் செத்தாங்கன்னு அழுதுனு கெடக்குறா." உள்ளே இருந்தவளைக் கூப்பிட்டு, அக்கா இறந்தது நோயால்தான், உன்னால் இல்லை என்று சொன்னேன். அவள் நிமிரவே இல்லை. "நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள். வெட்கமாக இருந்தது. "தப்பா சொல்லிட்டேன்மா. எனக்கு சர்க்கரை பாக்கணும், நாளைக்கு நீ வந்துதான் ரத்தம் எடுக்கணும். வேற யாரும் எடுக்க விடமாட்டேன்" என்றேன்.

வந்தாள். மூத்த நர்ஸ் பக்கத்தில் நிற்க, இரண்டு தடவை தவறவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல, கொஞ்சம் மேல பாரு" என்றேன். மூன்றாவது தடவை ரத்தம் வந்தது. என் இடது கை ஒரு வாரம் நீலமாக இருந்தது. இப்போதெல்லாம் ஒரே குத்தில் எடுத்துவிடுகிறாள். சர்க்கரை ஜாஸ்தி என்று என்னையே அதட்டவும் செய்கிறாள், அச்சு அசல் அக்கா குரலில்.

கடைசி நாட்களில் அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், வெயிலைப் பார்க்காமல் வந்து நின்ற உங்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. இன்று திதிக்கு வந்திருப்பவர்கள் கையை ஒளித்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் கோமதியும் அவள் வகுப்புப் பெண்களும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள்.

அக்கா, நீ சொன்னப்பவே போயிருக்கணும், போகல. அந்தப் பொண்ண கூட்டிட்டு வந்துட்டேன்.