மாலை போட்ட கொம்பியூட்டர்

பழைய கொம்பியூட்டர்கள் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு பிரிண்டரைப் பூட்டிக் குடுக்கிறது என்ட தொழில். பிரிண்டரைத் திருத்தலாம், அதைச் சுத்தி இருக்கிற ஆக்களைத் திருத்த ஏலா. இதே பிழைப்பில மாட்டுப்பட்ட ஆக்களே, கேளுங்க. எல்லாம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரே அரசாங்கக் கந்தோரில நடந்தது.

லீவு

அங்க ஆறு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர். அது லீலா மிஸ்ஸிட கொம்பியூட்டரில பூட்டியிருக்கு. மற்ற அஞ்சும் அதுக்குள்ளால போய்த்தான் பிரிண்ட் எடுக்கணும். பிரிண்டரும் கிழடு, வேற பெட்டியோட ஒத்துப்போகாது. ஒருநாள் ஒண்டிலயும் பிரிண்ட் வரல்ல எண்டு போன். நாவற்குடாவில இருந்து வெயிலுக்குள்ள ஓடிப்போய்ப் பார்த்தா, மிஸ் பிளக்கையும் கழட்டிவெச்சிட்டு லீவு. போனில கேட்டன்.

"நான் லீவில நிக்கக்குள்ள என்ட கொம்பியூட்டர் மட்டும் ஏன் தம்பி வேலை செய்யணும்?"

முப்பது கடிதம்

மறுகா பெரிய கிளாக்கருக்குப் புதுக் கொம்பியூட்டர் வந்தது. அது பழசைக் கண்டுகொள்ளவே இல்ல. மத்தியானம் வரைக்கும் மல்லுக்கட்டி ரெண்டையும் சேர்த்துவிட்டன். உடனே பிரிண்டர் கடிதம் கடிதமாத் தள்ளுது. முப்பதும் கிளாக்கர்ட லீவுக் கடிதம். விடிஞ்சதில இருந்து மனிசன் பிரிண்ட் பட்டனை அமத்திக்கொண்டே இருந்திருக்கார். வெக்கப்படுவார் எண்டு பார்த்தன்.

"பரவால்ல, ஒண்டிலயாவது பெரிய சேர் கையெழுத்து வைப்பார்தானே."

வாணி விழா

வாணி விழா அண்டைக்குத் திரும்பவும் போன். வெல்லாவெளியில இருந்து ஒரு விவசாயி காலையிலயே வந்து நிக்கிறார். வயல் வட்டை உழுது கிடக்கு. விதைநெல்லுக்குக் கடிதம் வேணும், அண்டைக்குத்தான் கடைசி நாள். கடிதம் அடிச்சாச்சு, பிரிண்ட் மட்டும் வரல்ல. லீலா மிஸ்ஸிட மேசையில பிரிண்டர் மட்டும்தான் கிடக்கு. கொம்பியூட்டர் பூசையில இருக்கு. சந்தனப் பொட்டு, செவ்வரத்தம்பூ மாலை.

"பூசையில வெச்சதை எடுக்கப்படாது" எண்டார் கிளாக்கர், வாய் நிறையக் கடலையோட. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எடுக்கத்தானே கூடாது? பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில வெச்சன். வயரை இழுத்தன், அலங்கார லைட்டைக் கழட்டி ரெண்டுக்கும் கரண்ட் குடுத்தன். கடிதம் வந்தது. விவசாயி ரெண்டு கையாலயும் வாங்கினார். மாலை போட்ட பெட்டியைப் பார்த்தார், அவல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆக்களையும் பார்த்தார்.

"வேலை செய்யிற ஒண்டைக் கும்பிட வெச்சிட்டீங்க, மனே. மத்ததெல்லாம் இங்க என்ன செய்யுது?"

இப்ப எந்தக் கந்தோரில இருந்து போன் வந்தாலும், வயர் பூட்டியிருக்கா எண்டு கேக்கிறதுக்கு முதல், மாலை போட்டிருக்கா எண்டுதான் கேக்கிறன்.