நாயனாரை முன்கூட்டியே சிவலோகம் அனுப்பியது

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு பேசும், பிறகுதான் வாய். ஊரில் என்னைத் தைரியசாலி என்று நினைப்பவர்கள் என் வயிற்றோடு பழகாதவர்கள். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். செங்கலடி வரைக்கும் போய்க் கலியாண வீடுகளில் மைக்கைப் பிடித்து மாப்பிள்ளையைக் கிண்டலடித்துவிட்டு, அதே வாயால் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வருவேன். ஆனால் ஆவணி மாதத்தில் ஒரு காலை எங்கள் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் படலையைத் திறந்துகொண்டு வந்து சொன்ன செய்தியைக் கேட்டதும், குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி உள்ளே போகவா வெளியே வரவா என்று தொண்டையில் நின்று யோசித்தது.

குருக்கள்மடத்துக்கு அங்கால, வாவிக்கரையை ஒட்டியது எங்கள் ஊர். பாதிப்பேர் வயல்வட்டையில் இறங்குவார்கள், பாதிப்பேர் தோணியில் ஏறுவார்கள். அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர் மீன்பிடிக்கிறவர் என்பது எங்களுக்குப் பெரிய பெருமை. மற்ற அறுபத்திரண்டு பேரிலும் எங்களுக்குக் கோபம் ஒன்றுமில்லை, ஆனாலும் இவர்தான் ‘நம்மட நாயனார்’. அவருடைய குருபூசையன்று ஒருவரும் வலை வீசமாட்டோம். பகல் முழுக்கப் பூசணிக்காயும் பருப்பும், புளியும் மிளகும் கரைத்துக் கொதிக்கவைத்த புளியாணமும். பின்னேரம் கோயிலில் உட்கார்ந்து அவர் பிடித்த மீன்களைப் பற்றிக் கேட்டு வாயூறுவோம்.

அன்று பின்னேரம் நடப்பது புராணப் படிப்பு. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாட்டை இராகத்தோடு படித்து நிறுத்துவார். மற்றவர் பயன் சொல்லுவார், அதாவது அந்தப் பாட்டின் கருத்தைப் பேச்சாக விரிப்பார். படித்தவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேதான் பயனும் நிற்க வேண்டும். ஓரடி தாண்டக் கூடாது.

எங்கள் ஊரில் படித்தவர் என் மச்சான். பயன் சொன்னது என் அக்கா. மாற்றுச் சம்பந்தம் எங்களுடையது. அவர் என் அக்காவைக் கட்டினார், நான் அவருடைய தங்கையைக் கட்டினேன். பெண்கள் பயன் சொல்லுவது அப்போது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஒரு வருடம் பயன் சொல்லுகிறவருக்குக் காய்ச்சல் வந்தது. அக்கா சும்மா ஒரு நாளைக்கென்று மைக்கைப் பிடித்தாள், பிறகு கொடுக்கவேயில்லை. புருசன் சொன்னதற்கெல்லாம் பெண்சாதி விளக்கம் சொல்லுகிற வீடுகள் எங்கும் உண்டு. கோயிலில் வைத்துச் செய்து கும்பிடும் வாங்கியவர்கள் இவர்கள் இருவரும்தான்.

அக்கா போய்விட்டாள். அதற்கடுத்த ஆவணியில் ஆண்டுத் திவசம் முடியவில்லை என்று படிப்பு நடக்கவில்லை. திவசம் முடிந்த பிறகும் மச்சான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. விடிய வாவிக்குப் போவார், வருவார், காத்தான்குடியிலிருந்து மோட்டர் சைக்கிளில் வரும் மீன் வியாபாரிக்கு மீனைப் போடுவார், படுத்துவிடுவார். நான் ஆளைச் சிரிக்கவைக்க என்னிடமுள்ள நல்ல பகிடிகளையெல்லாம் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் செலவழித்துப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. ஒரு தரம் மட்டும் படிப்பைப் பற்றிக் கேட்டேன். அவர் வலையில் சிக்கியிருந்த பாசியை எடுத்துக்கொண்டே சொன்னார்:

“அவ இல்லாம நான் ஆருக்குப் படிக்கிற?”

நானும் பக்கத்தில் உட்கார்ந்து பாசியை எடுத்தேன்.

இந்த நிலைமையில்தான் வண்ணக்கர் வந்தார். மச்சான் படிக்க ஓமென்றுவிட்டாராம். ஆனால் பயன் நான் சொன்னால்தான் படிப்பாராம். இந்த வருடமும் விட்டால் ஆள் இனி வாய் திறக்கவே மாட்டார் என்றும், கோயிலில் ரேடியோப் பெட்டியைப் போட்டுவிட்டு இருக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். நான் என் தகுதிகளை எடுத்துச் சொன்னேன். எனக்குத் தெரிந்த புராணம் என் கடன்காரர்களுடையது, எனக்குத் தெரிந்த நாயகர்கள் சினிமாவில் வருகிறவர்கள். வண்ணக்கர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, இன்றைக்குத்தான் குருபூசை, பின்னேரம் நாலரைக்கு வேட்டியோடு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

“போகாட்டி அண்ணன் இனி எப்பயும் படிக்கமாட்டார்,” என்றாள் என் பெண்சாதி. “போனா நீங்க ஒரு நாளைக்கு வெக்கப்படுவீங்க. அது உங்களுக்குப் பழக்கம்தானே.”

எனக்கு எப்போதும் இப்படித்தான் ஆறுதல் சொல்லுவாள்.

பின்னேரம் கோயிலில் பாயில் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது என் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதனால் புத்தகம் வைத்த பலகை ஆடியது, அதன்மேல் இருந்த குத்துவிளக்குத் திரியும் ஆடியது. சனங்கள் பக்தியோடு விளக்கைப் பார்த்தார்கள். மச்சான் என் முழங்காலைக் கையால் அமத்திப் பிடித்து, காதோடு கேட்டார்:

“நான் படிச்சாத்தான் பயன் சொல்லுவன் எண்டு நீங்க நிண்டீங்களாமே மச்சான்?”

“நானா? நீங்கதான் என்னைக் கேட்டீங்க எண்டாரே.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வண்ணக்கரைப் பார்த்தோம். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நன்றாக எரிந்துகொண்டிருந்த ஒரு விளக்குக்குத் திரும்பவும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

எழும்பிப் போயிருக்கலாம். மச்சான் எழும்பவில்லை. தொண்டையைச் செருமி, முதல் பாட்டைத் தொடங்கினார். குரல் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. கடலோரத்தில் ஒரு பட்டினம் இருந்தது, அங்கே மீன்பிடிக்கிற ஒரு பக்தர் இருந்தார், அவ்வளவுதான் அந்தப் பாட்டில். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. நானே வாடகைக்குக் கொடுத்த ஒலிபெருக்கி, என் மூச்சுச் சத்தத்தை வாவிக்கு அக்கரை வரைக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

பயத்தில் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்குத் திறந்துகொள்ளும். பட்டினத்தில் தொடங்கினேன். அவர் ஒவ்வொரு நாளும் முதல் மீனைச் சிவனுக்கென்று தண்ணீரிலேயே விட்டுவிடுவார் என்றேன். நிறுத்தியிருக்கலாம். மீன்பாடு குறைந்தது, நாளுக்கு ஒரே மீன் பட்டது, அதையும் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார் என்றேன். ஒரு நாள் வலையில் பொன்மீன் வந்தது, உலகத்தையே விலையாகப் பெறும் அதையும், ‘இதுவும் முதல் மீன்தான்’ என்று கடலுக்குள் விட்டார் என்றேன். மூச்சு வாங்க நிறுத்தப் பயமாக இருந்ததால் சிவபெருமானையும் இடபத்தில் வரவழைத்து, பூமாரி பொழிந்து, நாயனாரைச் சிவலோகத்தில் சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

மச்சானின் கையில் இன்னும் படிக்காத பாட்டுகள் அத்தனையும் கிடந்தன.

“ஓய்,” என்றார் வண்ணக்கர், “சுண்டலே இன்னும் அவியல்ல. அதுக்குள்ள ஆளை அனுப்பிப்போட்டீரே.”

பெண்கள் பக்கத்தில் சிரிப்புத் தொடங்கி ஆண்கள் பக்கம் வந்தது. நான் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தேன். பலகைக்குக் கீழே ஆள் நுழையும் அளவு இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அப்போது பக்கத்தில் ஒரு மூச்சு உடைவது கேட்டது. மச்சான் சிரிக்கிறார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. அக்கா போன பிறகு நான் காணாத குலுக்கம் அது.

“போயிற்றார் எண்டா என்ன,” என்றார் மைக்கிலேயே. “திருப்பிக் கூப்பிடுவம்.”

இரண்டாம் பாட்டைப் படித்தார். நாயனார் ஒன்றும் நடக்காததுபோல் சிவலோகத்திலிருந்து இறங்கி வந்து தோணியைத் தள்ளினார். நானும் சாட்டையடி வாங்கிய மாடுபோல ஓரடி தாண்டாமல் பின்னால் போனேன்.

ஒரே மீன் படுகிற பாட்டு வந்தது. நாள்தோறும் ஒரு மீன்தான், அதையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு கரைக்கு வருகிறார். மச்சான் அந்தப் பாட்டின் நடுவில் நின்றார். நிறுத்தவில்லை, நின்றுபோனார். எழுத்தின் மேல் விரல் இருந்தது, குரல் இல்லை.

ஏனென்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில்தான் அக்கா ஒவ்வொரு வருடமும் பாட்டில் இல்லாத ஒன்றைச் சொல்லுவாள். நாயனாருக்குப் பெண்சாதி இருந்தாளா என்று பாட்டில் எங்குமில்லை. அக்காவுக்கு அது பெரிய மனக்குறை. இவர் பாட்டுக்கு மீனை விட்டுவிட்டு வருகிறாரே, வீட்டில் அடுப்பை மூட்டிவிட்டு இருக்கிறவள் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டு, அவளே பதிலும் சொல்லுவாள். மச்சானும் நாயனாரைப் போல முதல் மீனை வாவியில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அதனால் அந்தப் பதில் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும்.

மச்சானின் விரல் அசையவில்லை. இந்த இடத்தில் இவர் புத்தகத்தை மூடினால் இனித் திறக்கமாட்டார் என்று எனக்கு விளங்கியது. வயிறு திரும்பவும் பேசத் தொடங்கியது. பாட்டு முடியாமல் பயன் சொல்லக் கூடாதுதான். ஆனால் ஒரு தரம் சிவலோகம் வரைக்கும் தாண்டிப் போய்த் திரும்பியவனுக்கு அரைப் பாட்டு என்ன பெரிய வேலியா? மைக்கைப் பிடித்தேன்.

“வெறுங்கையோட வாறவரை வாசலில கண்டு அந்த மனிசி சொல்லுறா,” என்றேன். “சாமிக்குக் குடுத்தாச்சா? அதுக்கென்ன, புளியாணம் இருக்கு. கால் கழுவிட்டு வாங்க.”

பகிடியாகத்தான் சொல்ல நினைத்தேன். ‘புளியாணம்’ என்ற இடத்தில் குரல் நடுவால் கிழிந்துவிட்டது. மீதியை முன்வரிசைப் பெண்கள் என்னோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது என்னைவிட நன்றாகப் பாடம்.

மச்சான் கண்ணைத் துடைக்கவில்லை. மூக்கை மட்டும் ஒரு தரம் உறிஞ்சினார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடராமல், அதே பாட்டை முதலிலிருந்து எடுத்தார். இந்தத் தரம் குரலில் துரு இல்லை. நிற்காமல் கடைசி அடிவரைக்கும் போனார், அதற்கடுத்த பாட்டுக்கும் போனார். பொன்மீன் வந்தது. நாயனார் அன்று இரண்டாம் தரமாகச் சிவலோகம் போனார், இந்தமுறை உரிய நேரத்தில். சுண்டலும் அவிந்திருந்தது.

முடிந்ததும் மச்சான் புத்தகத்தைப் பட்டுத்துணியில் சுற்றினார். நான் வயர்களைச் சுருட்டினேன். இருவரும் ஒழுங்கையால் நடந்து வந்தோம். வாவிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நான் பேசாமல் நடந்தது என் வாழ்நாளில் அதுதான் அதிக தூரம்.

எங்கள் வீட்டுப் படலைக்குக் கிட்ட வந்ததும் சொன்னார்:

“புளியாணம் எண்டு சொல்லக்குள்ள தொண்டை காய்ஞ்சு போச்சு உங்களுக்கு. வாற வருசம் தண்ணி குடிச்சிட்டு இருங்க மச்சான்.”

வாற வருசம் என்றார். நான் ஓமென்றேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

குசினியில் என் பெண்சாதி நின்றாள். அன்று ஊரில் எந்த அடுப்பிலும் மீனில்லை. வாசல்வரைக்கும் புளியும் மிளகும் மணந்தது. அவள் படிப்புக்கு வரவில்லை. ஒலிபெருக்கியில் கேட்டபடியே சமைத்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது. கேட்டால் வெங்காயம் என்று சொல்லுவாள் என்று தெரிந்ததால் நான் கேட்கவில்லை.

“கால் கழுவிட்டு வாங்கண்ணன்,” என்றாள்.

மச்சான் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி அள்ளி ஊற்றினார், இன்னொரு வாளி அள்ளி ஊற்றினார். கால் கழுவ இவ்வளவு தண்ணீர் வேண்டுமா என்று கேட்க எனக்கு வாய்வரைக்கும் வந்தது. அன்றைக்கு மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.