காஞ்சிபுரத்து இங்கிலீஷ் பப்

தட்டில் கண்ணாடி தம்ளர்களை ஏந்திக்கொண்டு, யார் மேலும் இடிக்காமல், யார் பேசுவதும் காதில் விழாத முகத்தோடு நடக்க வேண்டும். பார் சப்ளையர் வேலை என்பது இவ்வளவுதான். நடப்பதும் இடிக்காமல் இருப்பதும் சீக்கிரம் பழகிவிடும். அந்த முகம் வருவதற்குத்தான் வருஷங்கள் ஆகும். ஓட்டலிலோ, கல்யாண மண்டபத்திலோ, ஆபீஸ் கேன்டீனிலோ எப்போதாவது தட்டு ஏந்தி நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் அடுத்த முறை வெளியே சாப்பிடப் போகும்போது எங்கள் முகத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

என் பெயர் குமார். ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். வீட்டில் அப்பாவும் அண்ணனும் தறியில் உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரே இடத்தில் உட்காருவது சரிப்படவில்லை, அதனால் நிற்கிற வேலைக்கு வந்துவிட்டேன். பட்டுக் கடை வீதியிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம், ரெண்டு ரோடு சேருகிற முனையில் எங்கள் ஓட்டல். மாடியில் ரூம்கள், கீழே ஒரு பக்கம் சைவச் சாப்பாடு, இன்னொரு பக்கம் பார்.

செருப்பு

முதலாளியின் மகன் லண்டனில் படித்து, கொஞ்ச காலம் வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். நாங்கள் சின்ன முதலாளி என்போம். அங்கே அவர் குடியிருந்த தெரு முனையில் ஒரு பப் இருந்ததாம். விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம். ரெண்டு தெருவுக்கும் ஒவ்வொரு வாசல், ஜன்னலில் கலர் கண்ணாடி, சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி, கை பட்டுப் பட்டு வழவழத்துப் போன மரக் கவுன்ட்டர், அதன் அடியில் கால் வைத்துக்கொள்ளப் பித்தளைக் குழாய். வேலை முடிந்து வருகிறவர்கள் அந்தக் கவுன்ட்டரில் சாய்ந்து நின்று, முன்பின் தெரியாதவர்களோடும் பேசுவார்களாம். "நம்ம பார்ல எல்லாரும் இருட்டுல முதுகைக் காட்டிக்கினு உக்காந்து குடிக்கறாங்க குமாரு, ஏதோ தப்பு பண்ற மாதிரி. அத மாத்தணும்" என்றார். மாற்றியும் விட்டார். திருப்புட்குழி ஆசாரி ஒருவர் போனில் இருந்த போட்டோவைப் பார்த்தே கவுன்ட்டரைச் செய்து கொடுத்தார். வாசலில் ‘பப்’ என்று இங்கிலீஷில் ஒரு பலகையும் தொங்கியது.

திறந்த அன்று முதலில் வந்தவர் தாமல் ராமலிங்கம். தாமல் கிராமத்து ஏரித் தண்ணீரில் நெல் வைக்கிறவர், கட்சியிலும் ஒரு பொறுப்பில் இருக்கிறார். டவுனுக்கு எந்த வேலையாக வந்தாலும் மதியம் எங்களிடம் தலையைக் காட்டாமல் போகமாட்டார். அன்றைக்கு வாசலிலேயே நின்றுவிட்டார். கலர் கண்ணாடி வழியாக வெயில் சிவப்பும் பச்சையுமாகத் தரையில் விழுந்திருந்தது. பித்தளையைப் பார்த்தார், தொங்குகிற விளக்குகளைப் பார்த்தார். மெதுவாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தார். போட்டுக்கொண்டே வரலாம் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வழக்கமாகக் குடிப்பதை ஊற்றிக் கொடுத்தேன். தம்ளரைக் கையில் பிடித்தபடி எங்கே உட்காருவது என்று தெரியாமல் கவுன்ட்டர் முன்னால் நின்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இன்னாபா இது, சர்ச்சு மாதிரி கட்டி வச்சிக்கினு உள்ள பிராந்தி குடுக்கறீங்க?"

காற்று வந்த பிடி

கவுன்ட்டர் மேல் பீங்கான் தலை வைத்த நீளமான பிடிகள் வரிசையாக நிற்கும். சின்ன முதலாளி லண்டனிலிருந்து வரவழைத்தவை. அந்த ஊரில் பிடியை இழுத்தால் கீழே நிலவறையில் இருக்கும் பீப்பாயிலிருந்து பீர் ஏறி வருமாம். எங்களுக்கு நிலவறையும் கிடையாது, பீப்பாயும் கிடையாது. ஃபிரிட்ஜில் பாட்டில்தான். பிடிகள் அழகுக்கு.

ஒரு மதியம் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் மனைவியோடு வந்தார். கோயில் கோயிலாக வெறுங்காலோடு நடந்ததில் ரெண்டு பேரும் கன்னம் சிவந்து களைத்திருந்தார்கள். அந்த அம்மா மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். பெரியவர் நேராகப் பிடிகளிடம் வந்தார். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரனின் தோளைத் தொடுவது மாதிரி ஒன்றைத் தொட்டு, இன்றைக்கு எந்த பீர் இறங்கியிருக்கிறது என்று கேட்டார். டூரிஸ்டுகளோடு பேசிப் பேசி எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘அது சும்மா’ என்று எந்த மொழியில் சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் அவரே இழுத்துவிட்டார். கடக்கென்று சத்தம் வந்தது. பிறகு கொஞ்சம் காற்று வந்தது. சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் பிடியை விடாமலே கொஞ்ச நேரம் நின்றார்.

குளிர்ந்த பாட்டில் ஒன்றைத் திறந்து வைத்தேன். குடித்துக்கொண்டே சொன்னார். அவர் தெரு முனையிலும் இப்படி ஒரு பப் இருந்ததாம். அவர் அப்பாவும் அங்கேதான் குடித்தாராம். இப்போது அதை இடித்து அடுக்குமாடி வீடாக்கிவிட்டார்களாம். அங்கே கொடுத்த பீரே வேறு என்றார். ஐஸ் மாதிரி குளிரக் கூடாது, கேஸ் அடைக்கக் கூடாது. பீப்பாய்க்குள் போன பிறகும் அது தானாகப் பொங்கிக்கொண்டே இருக்கும், திறந்தால் சில நாளில் குடித்துத் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். பக்கத்தில் நின்ற தாமல் ராமலிங்கம் ஒவ்வொரு வரிக்கும் "இன்னா சொல்றாரு, இன்னா சொல்றாரு?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நானும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, பெரியவரை மரியாதையோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தானா பொங்கும், ஐஸ் வேணாம், வச்சிருந்தா கெட்டுப்பூடும். இத்த நாம கள்ளுன்னுவோம்பா. எறக்கனா போலீஸ் புடிச்சிக்கினு பூடும். அவராண்ட சொல்லு."

பெரிய கண்ணாடிக் குவளை

கருட சேவை அன்று ஊரில் நடக்கவே இடம் இருக்காது. விடிவதற்கு முன்பே சாமி பார்த்துவிட்ட கூட்டம் ஒட்டுமொத்தமாகப் பசியோடு எங்கள் ஓட்டலுக்குள் நுழையும். ஒருமுறை சாப்பாட்டுப் பக்கம் நிரம்பி வழிந்ததால், மதியம்வரை பூட்டியே கிடக்கும் பாரைத் திறக்கச் சொல்லிவிட்டார் சின்ன முதலாளி. பாட்டில் அலமாரிகள் மேல் போர்வைகளைத் தொங்கவிட்டேன். சித்தூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம், நெற்றி நிறைய நாமத்தோடு, உள்ளே வந்து உட்கார்ந்தது. கலர் கண்ணாடியைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். பொங்கலும் வடையும் போட்டோம். மோர் கேட்டார்கள். தம்ளர்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டதால் என்னிடம் மிச்சம் இருந்தது பீர் குவளைகள்தான். காது வைத்த கனமான குவளைகள். வேறு வழியில்லை, கழுவி அதிலேயே ஊற்றினேன். கடைந்த மோர், மேலே நுரை.

கூட்டத்தில் ஒரு பையன் குவளையைத் தூக்கிப் பிடித்து வரிசையாக எல்லோரையும் போட்டோ எடுத்தான். அந்த நேரம் பார்த்து மின்விசிறிக் காற்றில் ஒரு போர்வை நழுவிக் கீழே விழுந்தது. அலமாரி முழுவதும் தெரிந்தது. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்குத் தலைவியாக வந்த அம்மா அலமாரியைப் பார்த்தார், கையிலிருந்த குவளையைப் பார்த்தார். மீதி மோரையும் நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு பையன் பக்கம் திரும்பி, எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ தமிழிலேயே சொன்னார்: "அந்த போட்டோ உன் போன்லயே இருக்கணும். வீட்டு குரூப்ல மட்டும் போட்டுறாத நாயனா."

ரெண்டு வாசல், ரெண்டு சம்பந்தி

முகூர்த்தப் புடவை எடுக்க வருகிற கூட்டத்தில் பெண்கள் கடைக்குள் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். ஆண்கள் கொஞ்ச நேரம் கடைக்காரர் கொடுக்கிற கூல்டிரிங்க்ஸைக் குடித்துவிட்டு, போன் வந்த மாதிரி ஒவ்வொருவராக நழுவி எங்களிடம் வருவார்கள். பார் வேலையில் இருக்கும் காஞ்சிபுரத்துக்காரன் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வான்.

அப்படி ஒரு நாள் வேட்டி கட்டிய ஒருவர் கிழக்கு வாசல் வழியாக வந்து கவுன்ட்டரின் ஒரு கோடியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து பேன்ட் போட்ட இன்னொருவர் அடுத்த ரோட்டு வாசல் வழியாக வந்து மறு கோடியில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்த பிறகுதான் ரெண்டு பேருக்கும் முகம் மாறியது. வேட்டிக்காரர் பெண்ணின் அப்பா, பேன்ட்காரர் பையனின் அப்பா. எழுந்து போனால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று ரெண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். பேசிக்கொள்ளவும் இல்லை. எல்லாம் என் வழியாகத்தான், பையனின் அப்பாதான் ஆரம்பித்தார். "அரக்குதான் எங்க வழக்கம்னு அவராண்ட சொல்லுபா." "பொண்ணுக்கு அரக்கு எடுக்காதுன்னு அவ அம்மா சொல்றாங்க, மாம்பழக் கலர்னு சொல்லு." "கரையில கறுப்பு ஓடுது, அத்த எப்படி மொத பொடவையா கட்டறதுன்னு கேளு." தட்டோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நடக்க நடக்கப் பேச்சு புடவையைத் தாண்டிப் போனது. கடைசியில் பையனின் அப்பா, இப்படியே போனால் மண்டபத்துக்குச் சொல்லி நிறுத்திவிடலாம் என்றார். நான் அதைக் கொண்டுபோய்ச் சொல்லவில்லை. காது கேட்காதவன் மாதிரி சோடா உடைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் கடை சின்னது; பெண்ணின் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. தம்ளரை வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஆபீஸ் போகிற பெண்ணைப் போல சுடிதார், கையில் போன். பாரில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் நடுவில் வந்து நின்று, ரெண்டு கோடியையும் பார்த்தாள். வேட்டியைத் தானாகவே இறக்கிவிட்டார் அப்பா. பையனின் அப்பா தட்டிலிருந்த கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சத்தமே போடாமல் சொன்னாள்: "அப்பா, மாமா, பொடவை எடுத்தாச்சு. அத்தை சொன்னதும் இல்ல, அம்மா சொன்னதும் இல்ல, எனக்குப் புடிச்சது. அவங்க ரெண்டு பேரும் இப்ப ஒத்துமையா என்ன திட்டிக்கினு இருக்காங்க. நீங்களும் ஒண்ணா உக்காந்து முடிச்சிட்டு வாங்க."

சபாபதி அண்ணன்

இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சபாபதி அண்ணன் எங்கள் தெருவில் நெய்கிறவர். கைநிறைய வேலை இருந்தது. சாயங்காலம் தறியை விட்டு எழுந்தால் நேராக எங்கள் கவுன்ட்டருக்கு வருவார். ஆரம்பத்தில் ஒரு பீரோடு போய்விடுவார். போகப் போக என்ன, எவ்வளவு என்று நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒரு நாள் தம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்க முடிந்தது. கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஜரிகை கைல நிக்க மாட்டேங்குதுடா. அறுந்து அறுந்து போவுது. உங்க அண்ணி நாளைக்கு ஜி.எச்.சுக்கு இட்டுக்கினு போறா. இனிமே நான் வந்தா குடுக்காத. கால்ல வுழுந்தாலும் குடுக்காத."

மாத்திரைகளும் மருந்துமாகச் சில வாரம் அவரைக் காணவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் வந்து நின்றார். நான் லெமன் சோடாவை வைத்தேன். முதலில் சிரித்தார். பிறகு கேட்டார். பிறகு கெஞ்சினார். முன்கூட்டியே சொல்லி வைத்தவர்தானே என்று நானும் அசையவில்லை. அதன் பிறகு கத்த ஆரம்பித்தார். எங்கள் வீட்டையும் என் வேலையையும் சேர்த்துப் பேசினார். எதுவும் காதில் விழாத அந்த முகமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சின்ன முதலாளி உள்ளேயிருந்து வந்து, பார் வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னால் எப்படி என்று கேட்டார். விஷயத்தை அவர் காதில் சொன்னேன். அவர் ஒரு துணியை எடுத்துக் கவுன்ட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். சபாபதி அண்ணன் சோடாவைத் தள்ளிவிட்டு வெளியே போனார். ரோட்டில் அவர் திரும்பிய பக்கம் கவர்ன்மென்ட் பிராந்திக் கடை. என்னால் கவுன்ட்டரை விட்டுப் போக முடியாது. அன்றைக்கு யார் என்ன கேட்டாலும் வேறு ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வந்தார். நேற்று எதுவும் நடக்காத மாதிரி அதே இடத்தில் சாய்ந்து நின்றார். சோடா வைத்தேன், குடித்தார். அதற்குப் பிறகு ஒரு சாவு வீட்டில் குடித்துவிட்டார். அண்ணி மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இப்போதும் வருகிறார். தாமல் ராமலிங்கத்தோடு கட்சி பேசுகிறார், அடுத்தவர் தட்டிலிருந்து கடலை எடுத்துத் தின்கிறார், சோடா குடிக்கிறார். கூட்டமில்லாத ஒரு நாள் பார்த்து, அன்றைக்கு அந்தக் கடைக்குப் போனீர்களா அண்ணே என்று கேட்டுவிட்டேன். சோடாவை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "போனேன். கம்பிக்குள்ள கையக்கூட வுட்டேன். உள்ள இருந்தவன் என் மூஞ்சியே பாக்கல, இன்னா வேணும்னு மட்டும் கேட்டான். உன்ன மாதிரி வேணாம்னு சொல்ல அங்க ஒரு ஆள் இல்லபா. அத்த நானே சொல்லிட்டு கைய எடுத்துக்கினு வூட்டுக்கு வந்துட்டேன்."

ஊற்றிக் கொடுப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் என்று வீட்டில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் இந்தத் தொழிலில் என் முதுகு வலித்ததெல்லாம் ஊற்றாமல் நின்ற நேரங்களில்தான்.