சிலைக்குப் பக்கத்தில் அம்மா

வெயிலில் சூடேறிய தோல் வாசனை... அப்பாவின் கேமரா உறை அது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து பூங்காவுக்கு நடக்கும்போது, காலி உறை என் கழுத்தில் தொங்கும். கேமரா அப்பா கையில்.

அப்பா பள்ளியில் ஓவிய ஆசிரியர். பூங்காவில் இருந்த கல் சிலைகளைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு வரையக் கொடுப்பார். யாளி, வாயிற்காவலன், மூக்குடைந்த ஒரு பெண்...

சிலையின் உயரம் படத்தில் தெரிய வேண்டுமே. அதற்காகப் பக்கத்தில் அம்மாவை நிறுத்துவார். ஆனால் முகம் தெரியக் கூடாது.

"ரீட்டா, இன்னும் கொஞ்சம் அந்தாண்ட திரும்பு."

"ஏங்க, நான் பவுடர் போட்டுக்கினு வந்தது முதுகக் காட்டவா?"

"உம் மூஞ்சி தெரிஞ்சா பசங்க சிலைய உட்டுட்டு உன்னத்தான் வரைவானுங்க."

"ஆமா, வரைஞ்சிட்டாலும்! காலு சுடுது, சட்டுனு எடுங்க."

நான் அப்பாவின் பின்னால் நின்று சிரிப்பேன்.

சில நாள் அம்மா கேட்பார். "கடைசியா நம்ம மூணு பேரும் ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"பிலிம் ரோல் முடிஞ்சிபோச்சி. அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரமும் எடுக்காத சிலை ஒன்று மிச்சமிருக்கும்.

போன வருடம் அம்மா இறந்துபோனார். என் செல்போனில் அவர் படங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாம் தலை நரைத்த, நோயில் வாடிய முகம். கல்யாணப் படத்தில் இருப்பதோ, யாரோ ஒரு பயந்த பெண். எனக்குத் தலை பின்னிவிட்ட, எங்களோடு பூங்காவுக்கு நடந்த அந்த அம்மாவின் முகம்... எந்தப் படத்திலும் இல்லை.

பின்னல் இருக்கிறது. கனகாம்பரம் இருக்கிறது. ஊதா வாயில் புடவை இருக்கிறது.

இப்போது என் மகள் ஒரு ஐஸ்கிரீம் தின்று முடிப்பதற்குள் என்னைப் பத்துப் படம் எடுத்துவிடுகிறாள். அதில் பாதியை "நல்லா இல்ல, அழிச்சிடு" என்று நானே சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்லப் போவதில்லை.

நேற்று அப்பா பழைய ஆல்பத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, யாளிக்குப் பக்கத்தில் நிற்கும் முதுகைக் காட்டினார்.

"இதுல அவ சிரிக்கிறா, இல்ல?"

எனக்கு எப்படித் தெரியும்? அவர் பார்த்ததைத்தானே நானும் பார்த்தேன்.

"சிரிக்கிறாங்கப்பா."

தலையாட்டினார். மெதுவாக அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இதுல?"