மனைவி வீட்டுக்குப் போன கிற்றார்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டி கட்ட வேண்டும். வீடு பெண்ணுக்குரியது. செட்டிபாளையத்தில் மனைவி வீட்டு வாசலில் ஒரு சூட்கேசோடும் ஒரு கிற்றாரோடும் போய் இறங்கினேன். சூட்கேசை மாமா வாங்கி உள்ளே வைத்தார். கிற்றாரைத் தொடவில்லை.

"இது பைலா அடிக்கிற சாமான்தானே?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. டவுனில் எங்கள் அயலெல்லாம் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வீடுகள். அவர்களுடைய கலியாணங்களில் எல்லாரும் எழும்பி ஆட அடிக்கிற பைலாவில்தான் நான் கை பழகினேன். ஆனால் அதே கிற்றாரைத்தான் தேவாலயப் பாட்டுக்குழுவோடும், திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டுக்கும் வாசித்தேன். தேவாலயத்தில் ஒவ்வொரு கம்பியாக மெல்லக் கிள்ள வேண்டும். மேடையில் பாடுபவருக்கு அடங்கிப் போக வேண்டும். பைலாவுக்கு மட்டும் எதுவும் யோசிக்க வேண்டியதில்லை, வலது கை தன்பாட்டில் ஓடும். இதையெல்லாம் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஒண்டாத்தான் கேக்குது, தம்பி" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கிற்றார் அலுமாரிக்குப் பின்னால் போனது. நானும் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரிக் கேட்டுக் கேட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன்.

மாமா விளக்கு வைத்ததும் தேவாரம் பாடுவார். சுருதிக்குப் போனில் ஒரு செயலி. உருகிப் பாடும் இடத்தில் கட்டாரில் இருக்கும் மகன் அழைப்பான், சுருதி நின்றுவிடும். மாமாவும் பாட்டை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று அவனிடம் விசாரிப்பார். ஒரு நாள் கரண்ட் இல்லை, போனும் செத்துப் போயிற்று. சுருதியில்லாமல் தொடங்கிய மாமா மேலே ஏறி, இறங்க வழி தெரியாமல் திணறினார். எனக்குப் பொறுக்கவில்லை. கிற்றாரை எடுத்து இரண்டு கம்பிகளை மட்டும் அவருடைய சுருதிக்குச் சேர்த்து மீட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பிடித்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த தேவாரத்தில் என் வலது கை தன் வேலையைக் காட்டிவிட்டது. சுத்தமான பைலா. மனைவி அகப்பையோடு குசினி வாசலுக்கு ஓடி வந்தாள். நான் கையை நிறுத்தப் பார்த்தேன். மாமா நிறுத்தவில்லை. தொடையில் தட்டிக்கொண்டு அதே வேகத்தில் பாடி முடித்தார்.

"ஆடுற சாமிதானே, தம்பி. ஆடட்டும்" என்று திருநீற்றை எடுத்துப் பூசினார்.

மறுநாள் கரண்ட் இருந்தது. போனிலும் சார்ஜ் இருந்தது. இருந்தும் மாமா, "தம்பி, கிற்றாரக் கொண்டு வாங்க" என்று கூப்பிட்டார். பாதிப் பாட்டில் கட்டாரிலிருந்து அழைப்பு வந்தது.

"பிறகு எடு மகன்" என்றார் மாமா. "நாங்க பாடிக்கிட்டு இரிக்கம்."

அந்த வீட்டில் 'நாங்க' என்ற சொல்லுக்குள் நான் நுழைந்தது அன்றைக்குத்தான்.