ஆறாவது போல்ட்

1973 செப்டம்பர் 12, புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். சுபுஹு தொழுதேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன் — பன்னிரண்டு சுற்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வானொலிச் செய்தி, மூன்று இட்லி, டீ. எட்டரைக்கு என் நோட்டுப் புத்தகக் கடையைத் திறக்க வேண்டும்.

எட்டு இருபதுக்கு வாசலில் குதிரை வண்டி நின்றது. இறங்கியவர் தொண்டி காதர் மச்சான், என் தங்கை கணவர். கூடவே கோணிச்சாக்கில் சுற்றிய கனத்த உருப்படி ஒன்று. பிரிக்காமலே தெரிந்துவிட்டது... அவருடைய அவுட்போர்டு மோட்டார்!

படகின் பின்பக்கம் மாட்டி ஓட்டுவார்களே, அதுதான். அவருடைய வாப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்த பழைய மோட்டார். அந்த ஒரு படகை நம்பித்தான் வீட்டில் ஆறு பேர்.

"தண்ணி இழுக்க மாட்டேங்குது மச்சான். பத்து நிமிசத்துல கொதிச்சுப் போகுது. உள்ள இருக்குற ரப்பர் சக்கரத்தை மாத்தணும். கழட்டலாம்னு பாத்தா ஒரு போல்ட்டும் அசையல."

சாக்கைப் பிரித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. காரணம் இருக்கிறது.

கடையை மறந்து, செக்காலை ரோட்டில் மெக்கானிக் அந்தோணியின் பட்டறைக்குப் போனோம். அவர் மோட்டாரைப் புரட்டிப் பார்த்தார்.

"கூடு அலுமினியம், போல்ட்டு இரும்பு. உப்புத் தண்ணியில ரெண்டும் கட்டிப் புடிச்சுக் கெடக்கு பாய். அவசரப்பட்டா தலை மட்டும் கையோட வந்துரும், உடம்பு உள்ளேயே நின்னுரும்."

"நின்னுட்டா?" என்று கேட்டார் மச்சான்.

"கூடே போச்சு. இதுக்கு வேற கூடு எங்குட்டுப் போயித் தேடுவீக?"

"ஐப்பசி மழை புடிச்சா கடல் கெடையாது. நடுவுல ஒரு மாசந்தான்" என்றார் மச்சான்.

அந்தோணி நிமிர்ந்தார். "அது சரி, எந்தப் புண்ணியவான் இதைக் கடைசியாப் பூட்டுனது? ஒரு பொட்டு கிரீஸ் இல்லையே!"

நான் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களை எண்ண ஆரம்பித்தேன்.

"யாரோ தொண்டியில ஒருத்தன். பேரு கூட ஞாபகமில்ல" என்றார் மச்சான், என்னைப் பார்க்காமல்.

அந்த யாரோ ஒருத்தன் — நான்தான். போன வருடம் தொண்டிக்குப் போனபோது, மோட்டாரோடு வந்த புத்தகத்தைப் படித்து நானே கழற்றி மாட்டினேன். என் டைரியில் இருக்கிறது: "ஆறு போல்ட்டுகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பிசுக்கில்லாமல் பூட்டினேன். போல்ட் தலைகளில் உள்ள ஆறு வெட்டுக் கோடுகளும் ஒரே வரிசை. பார்க்க அழகு."

சுத்தமாக இருப்பதெல்லாம் சரியாக இருக்கிறது என்று யார் சொன்னது? எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்காமல் துடைத்துத் துடைத்தே தையல் மெஷினை ஓடாமல் ஆக்கிய வீடுகள் எனக்குத் தெரியும். சிரித்திருக்கிறேன்...

அந்தோணி டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றினார். சுத்தியலால் தட்டினார். புளோ லாம்ப் நெருப்பில் கூட்டைச் சூடாக்கினார். முதலில் ஒரு மயிரிழை முடுக்கி, பிறகு மெல்ல இடப்பக்கம். ஒவ்வொரு கிறீச்சுக்கும் என் பல் கூசியது. முதல் போல்ட் பதினொன்று பத்துக்கு. ஐந்தாவது நாலரைக்கு. ஆறாவது? அசையவே இல்லை.

"எண்ணெய் இறங்கட்டும். காலையில பாப்போம். மசியலைன்னா டிரில்லுதான்."

மாலை டைரியைத் திறந்தேன். ஐந்து போல்ட், ஐந்து நேரம், எல்லாம் எழுதினேன். ஒரே ஒரு வரியைத் தவிர. பக்கத்து அறையில் மச்சான், என் பெயரைக் காப்பாற்றிவிட்டு, சாப்பிட்டதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தொழுகை முடிந்ததும் முதல் வேலையாக — கடிகாரத்துக்குச் சாவி கூடக் கொடுக்காமல் — மச்சானை அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அந்தோணி கையில் டிரில் இருந்தது.

"அந்தோணி, பூட்டினது நான்தான்."

"நெனைச்சேன் பாய். ஆறு கோடும் வரிசை கட்டி நின்னுச்சு. எந்த மெக்கானிக் அப்புடிப் பூட்டுவான்? உங்க கடையில நோட்டு அடுக்கியிருக்குற மாதிரியில்ல இருந்துச்சு! நீங்களா வாயைத் தொறப்பீகன்னு பாத்தேன்."

"ஆறாவது மட்டும் வரிசைக்கு வரவில்லை. வரிசைக்குக் கொண்டுவர இன்னும் ஒரு கால் சுற்று இழுத்தேன்."

அவர் டிரில்லைக் கீழே வைத்தார். "இதை நேத்தே சொல்லியிருக்கலாமுல்ல? உப்புல மரை அரிச்சுப் போச்சுன்னுல்ல நெனைச்சேன். இழுத்துப் பூட்டுனதுதான்னா இன்னும் ஒரு சூடு தாங்கும்."

மீண்டும் நெருப்பு. நீளமான ஸ்பானர். 'டக்' என்றது. மூவரும் குனிந்து பார்த்தோம்... தலை முறிந்ததா?

இல்லை. முழுசாக வந்தது. மச்சான் அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் கொண்டுவந்திருந்த புது ரப்பர் சக்கரத்தை மாற்றியதும் அந்தோணி கிரீஸ் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "நீங்களே பூசிப் பூட்டுங்க. அழகு பாக்காதீக."

பூட்டினேன். ஆறு கோடுகளும் ஆறு பக்கம் பார்த்தன.

"என்ன மச்சான், கோணலா நிக்குதே... தூக்கம் வருமா?" என்றார் மச்சான், இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டு.

"வரும்" என்றேன் — மோட்டார் பக்கம் திரும்பாமலே.