இருபத்திரண்டு முதுகுகளைக் காத்த தேசம்மா அக்கா

தேசம்மா அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை. மாரடைப்பு... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் தரவில்லையாம்.

அவர் மகள் போன் செய்தபோது, இந்த வருடத் தோல் ஆராய்ச்சி விருதுக்கு எந்தெந்த மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். அதை மூடி வைத்துவிட்டேன். அந்த விருது எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் இன்று சொல்ல வேண்டும்.

அக்கா காசிமேட்டில் இறால் உரிப்பவர். வெள்ளைக்காரன் காலத்துக் கொட்டகை ஒன்றில், ஐஸ் தண்ணீரில் கைவிட்டு நாள் முழுக்க வேலை.

அங்கே வேலை செய்த பெண்களுக்கெல்லாம் விரல் வெந்து, தோல் உரிந்து கிடக்கும். அது எதனால் என்று கண்டுபிடிப்பதுதான் என் பிஎச்டி. இறாலா, ப்ளீச்சிங் பவுடரா, போட்டுக்கொள்கிற ரப்பர் கையுறையா...

பதினாலு வருடம் முன்பு. என் ஃபெலோஷிப் முடிகிற மாதம். அந்த விருது கிடைத்தால் ஆராய்ச்சியைத் தொடரப் பணம் வரும். கிடைக்காவிட்டால் சிவப்பழகு க்ரீம் கம்பெனியில் சேல்ஸ் வேலை. அப்பா பேசியே முடித்துவிட்டார்.

இந்தக் கைகளை இப்படியே விட்டுவிட்டு க்ரீம் விற்கப் போவதா என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

விண்ணப்பத்தோடு முதல்கட்ட முடிவுகளைக் காட்டியாக வேண்டும். அதற்குத்தான் பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, நாலாம் நாள் எந்த இடம் சிவந்திருக்கிறது என்று பார்ப்பது. அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. அவ்வளவுதான் விதி.

டேப்பில் ஆளுக்கொரு நம்பர் எழுதி, இருபத்திரண்டு பேருக்கு ஒட்டினேன். வியாழக்கிழமை.

மெத்தப் படித்த மூளை இல்லையா... மறுநாள் வெள்ளிக்கிழமை என்பது உறைக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காமல் அந்தத் தெருவில் யார் அடுப்பு பற்றவைப்பார்கள்?

சனிக்கிழமை போனேன். எல்லா முதுகிலும் டேப் இருந்தது. அப்பாடா என்று கிட்டே போய்ப் பார்த்தால்... ஒருவருடைய நம்பர் இன்னொருவர் முதுகில். சிலருக்குத் தலைகீழாக.

"இன்னாக்கா இது?"

"கயட்டி வச்சிட்டுக் குளிச்சோம்மா. தொவட்டிட்டு மறுபடி ஒட்டிக்கினோம். தண்ணி படக்கூடாதுன்னு நீதான சொன்ன? அந்த டேப்பு மேல ஒரு சொட்டு படல."

அத்தனை பேர் முகத்திலும் பெருமை வேறு.

கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். விண்ணப்பம் முடியப் பதினோரு நாள்தான் இருந்தது.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாத்துக்கு அயுவுற? நாலு நாளுதான வோணும்? வர்ற வெள்ளிக்கெயம காலைல தலைக்குக் குளிச்சிர்றோம். மத்தியானம் வந்து ஒட்டு. செவ்வாக்கெயம மத்தியானம் பாத்துக்கோ. அதுக்கப்புறம் குளிக்கிறோம்."

வெள்ளி மதியத்திலிருந்து செவ்வாய் மதியம். சரியாகத் தொண்ணூற்றாறு மணி நேரம். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு டைம் டேபிள் இல்லை.

அந்த நாலு நாளும் குழாயடியில் அக்காதான் காவல். கை, கால், முகம்... அதற்கு மேல் தண்ணீர் போனால் தொலைந்தது. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக் குளிக்காமல் எப்படிப் போவது என்று ஒரு பெண் முறையிட்டாள்.

"உன் நாத்தனா முதுவயா பாக்கப் போறா? பவுடரு போட்டுக்கினு போ."

ஞாயிற்றுக்கிழமை எடுத்தபோது ஒரு டேப்கூட நகரவில்லை. செவ்வாய் மதியம் பார்த்தேன். முதுகுக்கு முதுகு, கையுறை ரப்பர் ஒட்டிய இடம் செக்கச்செவேல் என்றிருந்தது. கையைக் காப்பாற்றப் போட்டதுதான் கையைத் தின்றிருக்கிறது.

புதன்கிழமை, கடைசி நாள், விண்ணப்பத்தை அனுப்பினேன்.

கிடைத்தது. நாடு முழுக்க வந்த விண்ணப்பங்களில் என்னுடையது முதல். அப்பா போனை வாங்கி அந்த ஈமெயிலை மூன்று தடவை படித்தார்.

பரிசளிப்பு ஒரு பெரிய ஹோட்டலில். விருந்தாளி இரண்டு பேருக்குத்தான் பாஸ். அக்கா, மீன் ஏற்றும் டெம்போவைக் கழுவி, இருபத்திரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். எல்லோரும் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ.

வாசலில் செக்யூரிட்டி மறித்தார். அக்கா முன்னால் வந்தார்.

"நைனா, உள்ள போட்டோ புட்ச்சி மாட்டிக்கீறாங்களே, அந்தக் கையெல்லாம் எங்களுது. கையி உள்ள கீது, ஆளு வெளிய நிக்கணுமா?"

செக்யூரிட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். என் ஆராய்ச்சி போஸ்டரில் வரிசையாகக் கைகள். கதவைத் திறந்துவிட்டார்.

போஸ்டர் முன்னால் ஒரே கூட்டம். இது என் கை, இது உன் கை என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். கோட் போட்ட டாக்டர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

மேடையில் என் பெயரைச் சொன்னதும் அந்த ஏசி ஹாலில் விசில் பறந்தது. முதல் விசில் அக்காவுடையது.

விருதுப் பணத்தில் நான் போட்ட முதல் அப்பாயின்ட்மென்ட், கள உதவியாளர் தேசம்மா. எண்ணூர் வரைக்கும் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினோம். அந்த ரப்பரை ஒழித்துவிட்டு வேறு கையுறை போட வைத்தோம். இன்று காசிமேட்டில் போய்க் கைகளைப் பாருங்கள்... எனக்குத் திமிர் என்றாலும் பரவாயில்லை.

காலையில் போனை வைக்கும் முன் மகள் கேட்டாள்.

"அம்மா ஐடி கார்டு பீரோல கீதுக்கா. ஆபீஸ்ல திருப்பிக் குடுக்கணுமா?"

"வேணாம்மா. அம்மா கழுத்துல போட்டு வுடு" என்றேன்.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். இதோ கிளம்பிவிட்டேன், அக்கா.